மனிதப் புரதம் என்றதும் ஏன் பயம்?



உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டார்: "சேர், ஆய்வுகூடத்துக்கு மனித சைட்டோகைன் என்று போத்தலில் வருதாமே, ஜனாஸாவில் இருந்தா எடுக்கிறாங்க?" வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் பெரியவர்களுக்கும் இதே சந்தேகம்தான். 2020இல் ஜனாஸாக்களை எரித்த வடு இன்னும் ஆறவில்லை. வைத்தியசாலையில் யாராவது "ஆய்வுக்கு" என்று சொன்னாலே எம்மவர்கள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். அந்தப் புரதத்துக்காக எவரது உடலையும் அறுப்பதில்லை. மனிதப் பரம்பரையலகின் பிரதியை, பெரும்பாலும் ஈ.கோலை பற்றீரியாவுக்குள் புகுத்தி, அது செய்து தரும் புரதத்தைச் சுத்திகரித்து எடுக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மனித இன்சுலினும் இதே வழியில் வந்ததுதான். அதற்கு முன் பன்றியின் கணையத்திலிருந்தும் இன்சுலின் எடுத்தார்கள். நம் வீட்டுச் சீனி வருத்தக்காரரின் பெரிய சங்கடத்தைத் தீர்த்ததே இந்த முறைதான்!

சைட்டோகைன் என்பது உடலின் அபாய மணி. மணி நிற்காமல் அடித்தால் ஆளையே கொல்லும். 1997இல் ஹொங்கொங்கில் பறவைக் காய்ச்சல் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த வைரஸ் மனிதக் கலங்களை டீ.என்.எஃப்-அல்பா எனும் சைட்டோகைனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது என்று 2002இல் காட்டிய குழுவில், பேராதனையில் படித்த நம் நாட்டவர் மலிக் பீரிஸ் இருந்தார்.

நமக்குக் கிட்டிய கதை டெங்கு. 2017இல் மட்டும் நாட்டில் 186,101 பேர். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகேயின் குழு நோயாளரின் குருதியில் ஐ.எல்-10 போன்றவற்றை அளந்து, யாருக்கு நோய் கடுமையாகும் என்று தேடியது. இப்படி அளக்க, அளவு தெரிந்த சுத்தமான புரதம் ஒன்று ஒப்பிட வேண்டும். படிக்கல் இல்லாமல் தராசில் நிறுப்பது எப்படி? அந்தப் படிக்கல்தான் போத்தலில் வருவது.

ஆகவே வதந்தியை நம்பி மறுக்காதீர்கள். மறுப்பது உங்கள் உரிமை, அது வேறு. எதற்கு, எவ்வளவு குருதி என்று கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தாளை நீட்டினால், தமிழில் தரும்வரை கையொப்பம் வைக்க வேண்டாம்.

இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குருதிக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். "சுகமாயிற்று" என்று பிள்ளையை அன்றைக்கே பாடசாலைக்கு அனுப்பாதீர்கள்.