தமுக்கும் கெஜட்டும்

சட்டம் செய்வது பாராளுமன்றம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது பாதி உண்மைதான். பாராளுமன்றம் செய்வது எலும்புக்கூடு; அதற்குச் சதையும் நகமும் வைப்பவை சர்க்கார் இலாகாக்கள். விதி, அறிவிக்கை, சுற்றறிக்கை என்று அவற்றுக்குப் பல பெயர்கள். குடியானவனைக் கீறுவது அந்த நகந்தான்.

இலாகாக்கள் விதி செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. எல்லா நுணுக்கங்களையும் பாராளுமன்றமே எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் விதிகளில் நியாயமான ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் வரைவைக் கெஜட்டில் பிரசுரிக்க வேண்டும். ஜனங்களுக்கு 60 நாள் அவகாசம் தரவேண்டும். வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால் யாரைக் கேட்கிறார்கள்? எந்தப் பாஷையில் கேட்கிறார்கள்?

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். அந்த மலைத்தொடரில் 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. அணிலும் புலியும் வாழட்டும்; காடு இருந்தால்தான் ஓடையில் தண்ணீர். ஆனால் காட்டை ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு டில்லியில் எழுதும் ஒவ்வொரு வரியும் வயிற்றுப் பிரச்னை.

2020 மார்ச்சில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு விதிகளுக்குப் புதிய வரைவு தயாராயிற்று. தேசம் முழுவதும் ஊரடங்கில் கிடந்த நேரம். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கச் சொன்ன வரைவு அது. வந்ததோ ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் மட்டும்! எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று ஜூன் 30-ஆம் தேதி டில்லி ஹைகோர்ட் சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கார் என்ன செய்தது? மொழிபெயர்ப்பாளர்களைத் தேடவில்லை, சுப்ரீம் கோர்ட்டைத் தேடிப் போயிற்று.

மொழிபெயர்த்தால் அர்த்தம் மாறிவிடும், காலதாமதமாகும் என்பார்கள் சில அதிகாரிகள். வழக்கு வந்தால் மூல வாசகமே செல்லும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போயிற்று. காலதாமதமா? கோர்ட்டுக்கு நடந்த நாட்களில் தமிழிலேயே அச்சடித்து முடித்திருக்கலாம்.

கடன்காரனின் நிலத்தை ஜப்தி செய்வதானால் அந்த இடத்தில் தமுக்கடித்துச் சொல்லவேண்டும் என்று 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் எழுதி வைத்தது. எழுதியவன் வெள்ளைக்காரன்! ஒரு மனிதனின் நிலத்துக்கு அந்நியன் காட்டிய மரியாதையை, ஒரு மலையடிவாரத்துக்கே நம்மவர்கள் காட்டக் கூடாதா?

நாம் கேட்பது பெரிய வரம் அல்ல. வரைவு தமிழில் வரட்டும். பஞ்சாயத்து ஆபீஸில் அதை ஒட்டி, கிராம சபையில் வாசித்த நாளிலிருந்து 60 நாளை எண்ணட்டும். ஏற்காத ஆட்சேபணைக்குக் காரணம் சொல்லட்டும்.

செவிடன் காதில் சங்கு ஊதினால், ஊதினவன்மேல் குற்றமில்லை. நல்ல செவியுள்ளவனுக்கு எட்டாத தூரத்தில் நின்று ஊதிவிட்டு, ஆட்சேபணை ஏதும் வரவில்லை என்று எழுதிக்கொள்வது எந்த ஊர் ஜனநாயகம்?