இந்தப் பிள்ளை யாருடையது?

நண்பகல் வேளை. தார்ச்சாலை கொதிக்கிறது. சிவப்பு விளக்குக்கு நிற்கும் வண்டிகளுக்கிடையே ஒருத்தி கையேந்தி வருகிறாள், தோளிலே கைக்குழந்தை. காதைத் துளைக்கிறது வண்டிகளின் இரைச்சல். குழந்தை கண் திறக்கவில்லை. மாலையிலும் அதே இடம், அதே குழந்தை, அதே உறக்கம்!

பசித்தால் குழந்தை அழும். வெயில் சுட்டால் வீறிடும். இது மட்டும் ஏன் அழவில்லை? அழாதிருக்க மருந்து கொடுத்து மயக்கி வைக்கும் பாதகர்கள் இருக்கிறார்கள். நாள் வாடகைக்குக் குழந்தை பிடிப்போரும் உண்டு.

நாம் என்ன செய்கிறோம்? பத்து ரூபாயைப் போடுகிறோம். கடமை தீர்ந்ததென்று போகிறோம். இரக்கம் குற்றமா? அல்லவே அல்ல. ஆனால் அந்தப் பணம் பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறதா, மரநிழலில் நின்று கணக்குப் பார்ப்பவன் மடிக்குப் போகிறதா? வருவாய் பெருகப் பெருக, அவனுக்கு இன்னொரு பிள்ளை தேவைப்படுகிறது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1959இலேயே இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 363-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 139ஆம் பிரிவோ இன்னும் கடுமையானது. பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஊனமாக்கினால் குறைந்தது 20 ஆண்டு. சட்டப்படியான காப்பாளன் அல்லாதவன் ஒரு பிள்ளையைப் பிச்சையில் ஈடுபடுத்தினால், அதற்காகவே கடத்தினான் அல்லது கைப்பற்றினான் என்றே கொள்ளப்படும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியவன் அவனே!

இத்தனை கூரிய வாள் உறையிலே உறங்குவானேன்? சோதனை என்று வண்டி வந்தால் அகப்படுவோர் பெண்களும் பிள்ளைகளும். மரநிழல்காரன் அடுத்த தெருவுக்கு நழுவிவிடுகிறான்.

வறுமையால் தன் பிள்ளையோடு கையேந்தும் தாயை இந்தக் கயவனோடு சேர்த்து எண்ணலாகாது. பிச்சையெடுப்பதையே குற்றமாக்கிய விதிகளை 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. பிறரைப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பலை ஒடுக்க அது தடை சொல்லவில்லை. தாய்க்குத் தேவை வாழ வழி. கயவனுக்குத் தேவை சிறைக் கதவு.

ஆகவே ஆட்சியாளர்க்குச் சொல்கிறோம்: குழந்தையை மீட்டதோடு விசாரணை முடியக் கூடாது, அங்கேதான் அது தொடங்க வேண்டும். பொதுமக்களுக்குச் சொல்கிறோம்: உறங்கும் குழந்தையைக் கண்டால் காசோடு நின்றுவிடாதீர்கள், 1098 என்ற எண்ணை அழையுங்கள். "இந்தப் பிள்ளை யாருடையது?" என்று கேளுங்கள். நாம் கேட்காதவரை, அது மரநிழலில் நிற்பவனுடையது!