வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்

அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஒருவர் திடீரென்று ஒருநாள் பஸ் மாதிரி ஒரு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினால் அக்கம்பக்கத்தில் யாரும் மலைத்துப்போக மாட்டார்கள். "ஓ, ஆர்.வி. வாங்கிட்டாரா" என்பதோடு சரி. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே இருக்கும். கணவனும் மனைவியும், கூடவே ஒரு நாயும், கிளம்பிவிடுவார்கள். எதற்கு? பெரும்பாலும் இரண்டே வேலைதான். நாலைந்து மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் பழைய நண்பர்களைப் பார்ப்பது. போகிற வழியில் சரித்திரம் உள்ள பழைய ஊர்களைச் சுற்றுவது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணமே தப்பு. "ஹோட்டல் செலவு மிச்சம்" என்பார்கள். மிச்சமா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 3,000 மைல் பயணம். பெரிய ஆர்.வி. ஒரு காலனுக்கு 8 மைல் கொடுத்தால் 375 காலன் வேண்டும். காலன் மூன்றரை டாலர் என்று வைத்தால் 1,300 டாலருக்கு மேல் போய்விடும். காலனுக்கு 30 மைல் தரும் சாதாரணக் கார் அதே தூரத்தை 350 டாலரில் முடித்துவிடும். மிச்சமாகும் 950 டாலரில் ஒரு வாரமாவது சுமாரான மோட்டலில் நிம்மதியாகத் தூங்கலாம்! இதற்கு மேல் வண்டியின் விலை, கடன் வட்டி, இன்சூரன்ஸ், முகாம் வாடகை எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தேய்மானம். ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிடமே விலை இறங்க ஆரம்பிக்கும் வீடு இது. வருஷத்தில் மூன்று வாரம் ஓட்டிவிட்டு மீதி நாளெல்லாம் வாசலில் நிறுத்தி வைத்தாலும் தேய்மானம் நிற்பதில்லை.

கொரோனா காலத்தில் விமானமும் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம் என்று பயந்த மக்கள் ஆர்.வி. வாங்கக் குவிந்தார்கள். 2021-ல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியே போயின. 2023-ல் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆக, பணத்தை மிச்சப்படுத்த யாரும் ஆர்.வி. வாங்க வேண்டாம். அப்படியானால் இது வெறும் ஊதாரித்தனமா? அதுவும் இல்லை. இதன் லாபம் ரூபாய் டாலரில் வராது, அவ்வளவுதான்.

நண்பர்கள் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்காரர் இன்னொரு எழுபது வயதுக்காரர் வீட்டில் போய் ஒரு வாரம் தங்குவது லேசான காரியம் இல்லை. போர்வை மாற்ற வேண்டும், மூன்று வேளை சமைக்க வேண்டும், பாத்ரூமுக்கு வரிசையில் நிற்க வேண்டும். முட்டிவலிக்காரரின் மனைவியிடம் போய் "பத்து நாள் இருக்கப் போகிறோம்" என்று எப்படிச் சொல்வது? சொல்லத் தயங்கியே பல பேர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளித் தள்ளி, கடைசியில் சாவுச் செய்திதான் வந்து சேருகிறது.

ஆர்.வி. இந்தத் தயக்கத்தை உடைக்கிறது. நண்பரின் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு மின்சார வயரை இழுத்துக்கொண்டால் போதும். பகலெல்லாம் பேச்சு, ராத்திரி அவரவர் கட்டில். (சில குடியிருப்புகளில் வாசலில் ஆர்.வி. நிறுத்தவே கூடாது என்று சங்க விதி இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.) தயங்கிக்கொண்டிருந்தவர் பல வருஷத்து நண்பரைப் போய்ப் பார்க்கிறார் என்றால் அதற்கு எந்தத் தேய்மானக் கணக்கும் ஈடாகாது.

ஆனால் இந்தச் சௌகரியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வண்டியிலேயே எல்லாம் இருப்பதால் யாருடைய தயவும் தேவையில்லை. அது நண்பருக்கு நல்லது. பழைய ஊர்களுக்கு நல்லதல்ல.

இல்லினாய் மாநிலத்தில் கலீனா என்று ஒரு ஊர். மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஈயத் தாதுவின் பெயரே ஊருக்கும் பெயர். 1840-களில் அமெரிக்காவின் ஈயத்தில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்துதான் போனது. நீராவிப் படகுகள் வந்து நிற்கும் துறைமுகம் வேறு. யுலிஸ்ஸிஸ் கிராண்ட் 1860-ல் இங்கே வந்து அப்பாவின் தோல் கடையில் வேலை பார்த்தார். உள்நாட்டுப் போரில் ஜெயித்து 1865-ல் திரும்பியவருக்கு ஊர்க்காரர்கள் ஒரு செங்கல் வீட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு அவர் ஜனாதிபதியும் ஆனார்.

அப்புறம் ஆற்றில் மண் படிந்தது, படகு நின்றது, ஈயமும் குறைந்தது, ஊர் படுத்துவிட்டது. பழசை இடித்துப் புதுசு கட்டக்கூடக் காசில்லை. அதனாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தெரு அப்படியே மிஞ்சியது! ஏழ்மை காப்பாற்றிக் கொடுத்த அந்த அழகைப் பார்க்கத்தான் இன்றைக்கு ஜனங்கள் வருகிறார்கள். அந்த ஊருக்கு இப்போது அவர்கள்தான் ஈயச் சுரங்கம்.

அரிசோனாவின் செலிக்மன் கதையும் இப்படித்தான். 66-ம் எண் சாலையை நம்பி வாழ்ந்த ஊர். 1978-ல் புது நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடியோவும் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 1987-ல் சங்கம் அமைத்துப் போராடி, பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக மாநில அரசை அறிவிக்க வைத்தார்கள். பயணிகள் திரும்பி வந்தார்கள், ஊரும் பிழைத்தது.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு ஆர்.வி. வருகிறது என்று வையுங்கள். சாப்பாட்டுச் சாமான் முந்தின நாளே நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடையில் வாங்கியாயிற்று. தூக்கம் வால்மார்ட் பார்க்கிங்கில் இலவசம். (பல கிளைகளில் அனுமதிக்கிறார்கள்.) ஊருக்குள் வந்து நாற்பது போட்டோ எடுத்துவிட்டு, வண்டிக்குப் போய் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஊர். கலீனாவுக்கு என்ன கிடைத்தது? டயர் தடம்!

"எங்களுக்கும் டீசல் செலவு, முகாம் வாடகை எல்லாம் இருக்கிறதே" என்பார்கள் ஆர்.வி.க்காரர்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவரிடம் போய்ச் சேருவதில்லை.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் இதே மாதிரி ஒரு வண்டியில் சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். வண்டிக்கு டான் குயிக்ஸாட்டின் குதிரை பெயர்: ரோசினான்டே. 1962-ல் புத்தகமாக வந்தது. அதில் இருப்பதெல்லாம் அப்படியே நடந்ததுதானா என்று பின்னாளில் கேள்வி கேட்டவர்களும் உண்டு. இருந்தாலும் அதில் ஒரு காட்சி கவனிக்க வேண்டியது. மெய்ன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக்கு வந்த கனடாக்காரக் கூலிக் குடும்பத்தை அவர் தன் வண்டிக்குள் அழைத்து உபசரிக்கிறார். வழிப்போக்கரே விருந்து வைக்கிறார்!

சக்கரம் வைத்த வீட்டின் சரியான உபயோகம் அதுதான். கதவைச் சாத்திக்கொண்டு யாரும் தேவையில்லை என்று இருப்பதற்கு ஆறு டன் வண்டி எதற்கு? நண்பர் வீட்டு வாசலில் நிற்கும்போது ஒருநாளாவது அவரை உள்ளே கூப்பிட்டு நீங்கள் சமைத்துப் போடுங்கள். பழைய ஊரில் நிற்கும்போது வண்டி அடுப்பை அணைத்து வையுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு அந்த ஊர்க் கடையில், ஒரு டிக்கெட் அந்த ஊர் மியூசியத்தில். வண்டிக்குக் கொட்டிய பணத்தோடு பார்த்தால் இது சில்லறைக் காசு. அந்தத் தெரு அடுத்த தலைமுறைக்கும் நிற்க வேண்டுமானால் அந்தச் சில்லறை அங்கே விழ வேண்டும்.