நடு மாட்டுக்கு

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நாம் மாட்டுத் தீனியைப் பற்றி எழுதப் புகுந்தோம் என்று கேட்டவுடன் விடுதி நண்பர் சிலர் நகைத்தனர். செய்யுளுக்குப் பொருள் காண வேண்டியவர் சோளத்தட்டைக்குப் பொருள் காணப் புறப்பட்டது ஏன் என்பது அவர்தம் வினா. முறையான வினாவே. அதற்குரிய விடை, சென்ற விடுமுறையில் நாம் சுருளிப்பட்டியிற் கழித்த பத்து நாட்களில் இருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கைக் கண்டிராத நேயர்க்கு ஒரு சொல். 1895 ஆம் ஆண்டிற் பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்தபின், மேற்கே ஓடிக் கடலிற் கலந்த நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பெற்றது. அந்நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைகின்றது. கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் வழியில் உள்ளது சுருளிப்பட்டி. அங்கே நெல்லினும் திராட்சைப் பந்தலே கண்ணை நிறைக்கும். இப்பக்கத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆயினும் திராட்சைக் கொடியை மாடு தின்று வாழ்தல் இயலாது.

நாம் தங்கியிருந்த வீட்டிற்கு எதிர்வீட்டில் முதியவர் ஒருவர் மூன்று பசுக்களை வைத்திருக்கிறார். அவர் தந்தையார் காலத்தில் அது பெரிய தொழுவாம். மலைமாடுகள் காட்டில் மேய்ந்து, அறுவடை முடிந்த வயல்களிற் கிடை அமர்ந்து, எருவைத் தந்து மீளுமாம். மேகமலைக் காடு முதலிற் சரணாலயமாயிற்று. பின் 2021 ஆம் ஆண்டிற் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. 2022 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், காடுகளில் மேய்ச்சல் கூடாதென உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அத்திங்களிலேயே அவ்வாணை சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்னும் இவற்றோடு நிற்குமாறு திருத்தப்பெற்றது. காட்டைக் காப்பது தவறென்று நாம் கூறவில்லை. காடு தழைக்காவிடின் அருவி ஏது, ஆறு ஏது? ஆயின் மலைக்கதவு அடைபட்டபின் மாட்டின் வாய்க்குரியது வயலிலிருந்தே வரவேண்டும்.

வயலிலிருந்து வருகின்றதா? அறுவடைப் பொறி வயலில் இறங்கிய மறுநாளே மற்றொரு பொறி வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டிக் கட்டுகின்றது. அக்கட்டுகள் வண்டியேறிக் குமுளி வழியாகக் கேரளம் செல்வதை நாம் கண்ணாரக் கண்டோம். முதியவர் அவ்வண்டியைக் காட்டி, “நெல்லு உங்களுக்கு, கட்டு எங்களுக்குன்னு இருந்துச்சு தம்பி. இப்ப ரெண்டும் வண்டி ஏறிப் போகுது” என்றார். அவர் குறை கூறியது வணிகரை மட்டுமன்று. கட்டே முன்போல் இல்லை. தாள் குட்டை, மாடு விரும்பித் தின்பதில்லை என்றும் சொன்னார்.

“அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு” என்பது நம் உழவர் வாய்மொழி. அறுத்த அடிக்கட்டை நிலத்திற்கு உரம். நடுத்தாள் மாட்டிற்கு உணவு. நுனிக்கதிர் வீட்டிற்குச் சோறு. ஒரு பயிரில் மூவர்க்குப் பங்கு வகுத்த கணக்கு இது. பயிர்களைத் திருத்திப் புதுவகை காணும் அறிஞர் பெருமக்கள் இம்மூன்றனுள் நுனியை மட்டும் நிறுத்துப் பார்த்தனர் என்பதே நம் வழக்கு.

அவர்கள் அங்ஙனம் செய்ததற்குக் காரணம் உண்டு. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. உயர்ந்து வளரும் பழைய நெல்லுக்கு உரம் மிகுதியாக இட்டாற் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். 1966 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் உரத்தை ஏற்றும் நிமிர்ந்து நின்றது. பயிரின் மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காயிருந்த மணி, பாதியளவிற்கு உயர்ந்தது. பஞ்சத்தை எதிர்நோக்கி நின்ற நாட்டிற்கு அஃது உயிர் தந்தது. சோளத்திலும் 1964 ஆம் ஆண்டில் சி.எஸ்.எச். 1 என்னும் குட்டை வீரிய ஒட்டு வந்தது. மணி பெருகியதை மகிழ்ந்து ஏற்ற உழவரே தட்டை குறைந்ததைக் கண்டு முகம் சுளித்தனர். மானாவாரி உழவனுக்குத் தட்டை பாதி விளைச்சல் அன்றோ!

இனி, தட்டையைப் பற்றிய அறிவு நம் நாட்டிற்குப் புதிதுமன்று. கோயமுத்தூரில் சிறுதானிய ஆராய்ச்சியை நடத்திய ஜி. என். ரங்கசாமி ஐயங்காரும் அவர்தம் துணைவரும் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சோளத்தின் ஒவ்வோர் உறுப்பும் வழிவழியாக இறங்கும் முறையைத் துருவி ஆராய்ந்தனர். இலையின் நடுநரம்பு வெள்ளையாயிருப்பின் தண்டு சாறற்ற நெட்டி. நரம்பு மங்கிய பசுமையாயிருப்பின் தண்டிற் சாறு உண்டு. இவ்வேறுபாடு ஒரு மரபுக்கூற்றால் அமைவது எனக் கண்டனர். தண்டைப் பிளவாமலே, இலையைப் பார்த்து மாட்டின் சுவையைச் சொல்லிவிடலாம்! 1978 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பர்டூ பல்கலைக்கழகத்தார், நடுநரம்பு பழுப்பாகிய சோளத்தைத் தோற்றுவித்தனர். அதன் தண்டில் மரத்தன்மை தரும் லிக்னின் குறைவு. ஆதலின் மாட்டிற்கு எளிதிற் செரிக்கும். தண்டு மெலிந்து சாயும் என்னும் குறையும் அதற்கு உண்டு.

தீவனத்திற்கெனவே திருத்திய பயிர்கள் இல்லையோ எனின், உள. அவற்றின் பெருமையையும் உரைத்தல் வேண்டும். கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து கோயமுத்தூரில் உருவாக்கிய ஒட்டுப்புல் வியத்தகு பொருள். கம்பின் உயிரணுவில் நிறக்கோல்கள் 14, நேப்பியரில் 28, இரண்டிற்கும் பிறந்த புல்லில் 21. ஒற்றைப்படையாதலின் அது விதை பிடிப்பதில்லை. கரும்பைப் போலக் கரணை நட்டே பயிராக்குகின்றனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட கோ 4 ஒட்டுப்புல், ஏழு அறுப்பில் ஆண்டொன்றுக்கு ஹெக்டேருக்கு 380 முதல் 400 டன் பசுந்தீவனம் தரும். 2001 ஆம் ஆண்டின் கோ எப்.எஸ். 29 என்னும் தீவனச் சோளம், சூடான் புல்லோடு கலந்து பிறந்தது. வெட்ட வெட்டத் துளிர்ப்பது.

சுருளிப்பட்டியிலும் கிணறுடையார் தோட்டங்களில் இவ்வொட்டுப்புல் ஆளுயரம் நிற்கின்றது. ஆனால் எதிர்வீட்டு முதியவர்க்குக் கிணறு இல்லை. திராட்சை விளையும் நிலத்தை யாரும் புல்லுக்குக் குத்தகை விடுவதுமில்லை. புல் நிலத்தையும் நீரையும் தனக்கென்றே கேட்கும். தாளோ அங்ஙனம் ஒன்றும் கேளாது. கதிருக்குப் பாய்ந்த நீரிலேயே தானும் விளைவது. ஆதலின் நிலமில்லாதார் மாட்டிற்கு வழி தேடுவோர் தானியப் பயிரின் தண்டையே திருத்த வேண்டும் என்பது நம் துணிபு.

மணி குறையுமே என்பர். ஐதராபாத்தை அடுத்த பதஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட்டு நிலையத்தில் இதனை ஆராய்ந்தனர். மணி விளைச்சலில் ஒத்த சோள வகைகளிடையே தட்டையின் செரிமானம் பெரிதும் வேறுபடக் கண்டனர். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை. ஐதராபாத்துத் தட்டைச் சந்தையிலோ, செரிமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு உயர்ந்த தட்டை, விலையில் ஐந்தில் ஒரு பங்கிற்குமேல் உயர்ந்து விற்றது. அறிஞர் குடுவையில் அளந்ததைப் பால்காரர் கையாற் பிடித்துப் பார்த்தே அறிந்திருந்தனர்!

புதிய நெல்வகை வெளிவருங்காற் பருவம், மணியின் பருமன், சோற்றின் தன்மை, நோய் தாங்கும் ஆற்றல் எல்லாம் அச்சாகின்றன. வைக்கோல் எத்துணை, அஃது எவ்வளவு செரிக்கும் என்னும் இரண்டு வரிகளையும் சேர்த்து அச்சிடுக. அவ்விரண்டிற் குன்றிய வகையை, மணி ஒன்றையே காட்டி வெளியிடற்க. நாம் கேட்பது இவ்வளவே.

புறப்பட்ட நாட்காலையில் முதியவர் மூன்று பசுக்களுக்கும் தாளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிடியை எடுத்து எம் மூக்கருகில் நீட்டி, “மோந்து பாருங்க தம்பி, எரு வாசம்தான் வருது” என்றார். பசுக்களில் இரண்டு தின்றன. கறவைப்பசு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.