உடலை அறிவோம்: தொப்புளில் தோன்றும் வலி

அமிர்தகழியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இவ்வாரம் நம் கையில் இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முதல்நாள், மாமாங்கேஸ்வரர் கோயில் வீதியெல்லாம் சுற்றிக் கச்சானும் கடலையும் தின்று வீடு திரும்பிய அவருடைய பன்னிரண்டு வயது மகன், நடுச்சாமத்தில் எழுந்து வயிற்று வலி என்று அழுதானாம். எவ்விடத்தில் வலிக்கிறது என்று கேட்டதற்குத் தொப்புளைத் தொட்டுக் காட்டினானாம். தாயார் வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் கொடுத்தார். தொப்புளைச் சுற்றி நல்லெண்ணெய் தடவினார். நாவூறாகவும் இருக்கலாமென்று அதற்கும் பார்த்தார். விடிந்ததும் ஆமணக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவி விடுவதென்று தீர்மானித்தார்.

விடிவதற்குள் வலி இடம் மாறிவிட்டது. தொப்புளை விட்டு நீங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொண்டது. இரண்டு முறை சத்தியெடுத்த பையன், நிமிர்ந்து நடக்கமாட்டாமல் கூனி நடந்தான். அதைக் கண்ட அயல்வீட்டு மூதாட்டி, “எண்ணெயைக் குடுத்திராத மகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்று தடுத்தாராம். அன்று மாலையே சத்திரசிகிச்சை நடந்தது. குடல்வளரி, அதாவது நாம் பேச்சில் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லும் உறுப்பு, அகற்றப்பட்டது. பையன் இப்போது பாடசாலைக்குப் போய் வருகிறான்.

தாயாரின் மனம் மட்டும் ஆறவில்லை. “பிள்ளை தொப்புளைக் காட்டினான், நான் தொப்புளுக்கு வைத்தியம் பார்த்தேன். நோயோ வேறிடத்தில் இருந்திருக்கிறது. பிள்ளை பிழையாகச் சொன்னானா? நான் பிழையாக விளங்கிக்கொண்டேனா?” என்று கேட்கிறார்.

அம்மா, இருவரிலும் பிழையில்லை. பிள்ளை உணர்ந்ததையே சொன்னான். அவன் நரம்புகளும் தமக்குத் தெரிந்த மட்டில் உண்மையையே சொல்லின. ஆனால், குடலின் நரம்புகள் பேசும் பாஷை நம் தோலின் நரம்புகள் பேசும் பாஷையன்று. அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், குடலுக்கு இரத்தம் வரும் வழி, நீர் வடியும் வழி, செய்தி செல்லும் வழி ஆகிய மூன்றையும் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்வழிகளைத் தமிழில் படிக்கலாமா என்று மாணவர்கள் ஐயுற வேண்டியதில்லை. மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலை 1872 ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத தமிழ் மாணாக்கரும் உடலின் உட்புறத்தைத் தம் மொழியில் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்நெறியைப் பின்பற்றி நாமும் தமிழிலேயே காண்போம்.

இரத்தம் வரும் வழி

இருதயத்திலிருந்து வெளிப்பட்டு முதுகெலும்பின் முன்பாகக் கீழிறங்கும் பெருநாடி, வயிற்றறையில் உணவுப் பாதைக்கென மூன்று கிளைகளை முன்புறமாக விடுகிறது. இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாயை நாம் நாடி என்றும், இருதயத்தை நோக்கித் திரும்பும் குழாயை நாளம் என்றும் வழங்குகிறோம். தமிழ்நாட்டு நூல்களில் இவை தமனி, சிரை எனப் பெயர் பெறும்.

மேற்கிளை இரைப்பைக்கும் முன்சிறுகுடலின் தொடக்கத்துக்கும் ஈரல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றுக்கும் குருதி தருகிறது. நடுக்கிளை, முன்சிறுகுடலின் பிற்பகுதி தொடங்கிச் சிறுகுடல் முழுவதற்கும், குடல்வளரிக்கும், பெருங்குடலின் முற்பாதிக்கும் உரியது. கீழ்க்கிளை எஞ்சிய பெருங்குடலுக்கு உரியது. இப்பங்கீடு தற்செயலாக ஏற்பட்டதன்று. கருவில் குடல் முன், நடு, பின் என மூன்று பகுதிகளாகவே உருவாகிறது. ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய நாடியையும் தனக்குரிய நரம்பையும் அப்போதே பெற்றுக்கொள்கிறது.

நாம் ஓய்ந்திருக்கும்போது இருதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழக் கால் பங்கு குடலுக்கும் ஈரலுக்குமே செல்கிறது. உண்டபின் அது மேலும் கூடுகிறது. குடலில் சத்தை ஏற்ற குருதி நேரே இருதயத்துக்குத் திரும்புவதில்லை. ஈரல் வாயினாளம் என்னும் பெருங்குழாயில் ஒன்றுகூடி முதலில் ஈரலுக்குச் சென்று, அங்கே சோதனைக்கு உட்பட்ட பின்னரே இருதயத்தை அடைகிறது.

நீர் வடியும் வழி

வயலுக்கு வாய்க்கால் மட்டும் போதாது, வடிச்சலும் வேண்டும் என்பதை மட்டக்களப்புக் கமக்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. உடலிலும் அவ்வாறே. நுண்ணிய குருதிக் குழாய்களிலிருந்து கசியும் நீரிற் பெரும்பகுதி மீண்டும் குருதியிற் சேர்கிறது; எஞ்சியது நிணநீர் என்னும் பெயருடன் தனிக் குழாய்களில் வடிகிறது. குடலில் இக்குழாய்களுக்கு இன்னுமொரு வேலையும் உண்டு. நாம் உண்ட கொழுப்பிற் பெரும்பங்கு குருதியிற் சேராமல் இவற்றிலேயே செல்கிறது.

1622 ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் காஸ்பரே அசெல்லி, உணவுண்ட சிறிது நேரத்தில் ஒரு நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, குடலைத் தாங்கும் மென்மடிப்பில் வெண்ணிற இழைகள் படர்ந்திருக்கக் கண்டார். நரம்புகள் என்று முதலில் எண்ணிய அவர், ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர் பொங்கியதைக் கண்டு வியந்தார். பாற்கலன்கள் என்று நாம் படிப்பவை இவையே. இவை சென்று சேரும் பெருங்கானை 1651 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஷான் பெக்கே விளக்கினார். அக்கான் மார்பினூடாக மேலேறி இடப்பக்கக் கழுத்தடியிலுள்ள நாளத்தில் திறக்கிறது.

எத்தனை ஆறுகளும் வடிச்சல்களும் வந்து விழுந்தாலும், மட்டக்களப்பு வாவியின் வடபகுதி நீர் பாலமீன்மட்டு முகத்துவாரத்தாலேயே கடலைச் சேர்கிறது. முகத்துவாரம் மண்ணால் அடைபட்டுக் கிடக்கும் காலத்தில் பெருமழை பெய்தால் கரையோர வளவுகளெல்லாம் வெள்ளம் நிற்பதை அமிர்தகழியார் அறிவர். வடிச்சல் அடைபட்டால் வீக்கம் என்னும் விதி உடலுக்கும் பொருந்தும். இதனை நினைவில் வைத்துக்கொள்க.

செய்தி செல்லும் வழி

குடலின் நரம்புகள் இரு வகையின. ஒரு வகை, குடற்சுவரிலேயே வலைபோல் அமைந்தது. 1857 இல் மைஸ்னரும் பின்னர் 1860களில் அவர்பாக்கும் விவரித்த இவ்வலைகளில் கோடிக்கணக்கான நரம்புக் கலங்கள் உள்ளன. வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னரும், குடல் தன் உள்ளடக்கத்தை முன்னோக்கித் தள்ளும் தொழிலைச் செய்கிறது என்பதை 1899 இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் காட்டினர். ஊர்க் கந்தோரின் உத்தரவை எதிர்பாராமல் வயலில் நீர் பாய்ச்சும் வட்டவிதானையைப் போல, அன்றாடக் காரியங்களைக் குடல் தானே பார்த்துக்கொள்கிறது.

மற்ற வகை, மூளையோடும் முண்ணாணோடும் தொடர்புடையது. ஒரு சாரார் குடலின் வேலையை ஊக்குவிப்பர். மற்றொரு சாரார் அடக்குவர். வலிச் செய்தியைக் கொண்டு செல்லும் இழைகளும் இவற்றுடனேயே செல்கின்றன. ஆனால், தோலோடு ஒப்பிட்டால் குடலில் இவ்விழைகள் மிகச் சிலவே. வெட்டினாலும் சுட்டாலும் குடல் அநேகமாக வலியை உணர்வதில்லை. ஊதிப் பெருத்தாலும், முறுகி இழுத்தாலும், அழற்சி கொண்டாலும், குருதி குன்றினாலுமே அது முறையிடுகிறது.

அம்முறையீடும் தெளிவானதன்று. நடுக்குடலின் வலியிழைகள் முண்ணாணில் நுழையும் மட்டத்திலேயே, தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் இழைகளும் நுழைகின்றன. இரண்டு ஊர்க் கடிதங்கள் ஒரே தபாற்பையில் வந்து சேர்வதைப் போன்றது இது. ஆயுள் முழுவதும் தோலிலிருந்தே கடிதம் பெற்றுப் பழகிய மூளை, இதுவும் தொப்புளிலிருந்தே வந்ததென்று கொள்கிறது. இதே முறையில், இரைப்பையின் நோவு மேல்வயிற்றிலும், பெருங்குடலின் இறுதிப் பகுதியின் நோவு அடிவயிற்றின் நடுவிலும் தோன்றுகின்றன.

அன்றிரவு நடந்தது என்ன?

குடல்வளரி, பெருங்குடலின் தொடக்கத்தில் வாலாகத் தொங்கும் ஒரு சிறு குழாய். ஏறத்தாழ ஒரு விரல் நீளம். அதன் வாய் அடைபட்டால் உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். குழாய் ஊதும். ஊதிய குழாயின் நரம்புகள் முறையிடும். குடல்வளரி நடுக்குடலைச் சேர்ந்ததாதலின் பிள்ளை தொப்புளைக் காட்டுகிறான். இதுவே முதற் கட்டம்.

உள்ளே அமுக்கம் ஏறஏற, மெல்லிய சுவருடைய நிணநீர்க் குழாய்களும் நாளங்களும் முதலில் நசுங்குகின்றன. வடிச்சல் நின்றுபோகிறது, குழாய் மேலும் வீங்குகிறது, கிருமிகள் பெருகிச் சுவருக்குள் புகுகின்றன. வீங்கிய குடல்வளரி வயிற்றறையின் உட்சுவரைப் படும்போது வலியின் தன்மையே மாறிவிடுகிறது. அந்த உட்சுவருக்குத் தோலுக்குரிய நரம்புகளே உள்ளன. அவை இடத்தைச் சரியாகச் சுட்டவல்லவை. ஆகவே வலி தொப்புளை விட்டு நீங்கி வலப்பக்க அடிவயிற்றில் ஊன்றுகிறது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு கீறி, எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அவ்விடத்தை 1889 இல் நியூயோர்க் சத்திர வைத்தியர் மக்பேர்னி குறித்துக் காட்டினார். அசைந்தால் அச்சுவர் உரசும். பையன் கூனி நடந்ததும், குண்டுங்குழியுமான தெருவில் முச்சக்கரவண்டி குலுங்கும்போது நோயாளி அலறுவதும் இதனாலேயே.

மூன்றாங் கட்டமே கொடியது. குடல்வளரிக்குக் குருதி தருவது பெரும்பாலும் ஒரேயொரு நாடி. அடைபட்டால் மாற்று வழியில்லை. குருதி இழந்த சுவர் அழுகி ஓட்டை விழும். சீழும் மலமும் வயிற்றறையில் பரவும். அமுக்கம் நீங்கியதால் வலி சிறிது நேரம் தணிந்தது போலவும் தோன்றலாம். வீட்டார் தெய்வம் காத்ததென்று மகிழ்ந்திருக்கும் அவ்வேளையே பேராபத்தின் தொடக்கம். ஆமணக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ கொடுத்தால் குடல் பலமாக முறுகி, ஓட்டை விழும் அபாயம் கூடும். அயல்வீட்டு மூதாட்டி தடுத்தது இதனையே. அவர் உடற்கூறு படித்தவரல்லர். கூனி நடந்த பிள்ளையைக் கண்டு அறிந்துகொண்டார்.

இந்நோய் அரசரையும் விட்டதில்லை. 1902 ஜூன் 26 ஆம் திகதி முடிசூடவிருந்த ஏழாம் எட்வேர்ட் மன்னர், இதே நோயால் வீழ்ந்து, இரு நாட்களுக்கு முன் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். முடிசூட்டு விழா ஓகஸ்ட் 9 ஆம் திகதிக்குத் தள்ளிப்போயிற்று. மகுடம் காத்திருக்கலாம், குடல்வளரி காத்திராது.

வீட்டார் அறியவேண்டுவன

வயிற்று வலிகளிற் பல சில மணி நேரத்தில் தாமே தணிவன. ஒவ்வொன்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், வலி விடாது ஏறினால், ஓரிடத்தில் ஊன்றினால், சத்தியோ காய்ச்சலோ சேர்ந்தால், வயிறு பலகைபோல் இறுகினால், பிள்ளை நிமிரவோ துள்ளவோ மறுத்தால், தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. பேதி மருந்து கொடுக்க வேண்டாம். வயிற்றை அழுத்தித் தடவ வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாமாதலால், போகும் வழியில் உணவும் பானமும் கொடாதிருப்பது நன்று. வாகனம் இல்லையேல் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

மேலே சொன்ன ஒழுங்கு எல்லோரிடத்தும் அப்படியே வருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்க. சிறு குழந்தைகளிடத்தும் கர்ப்பிணிகளிடத்தும் முதியோரிடத்தும் அடையாளங்கள் மயங்கும். சிறுவருக்குக் குடலைச் சார்ந்த நிணநீர்க் கணுக்கள் வீங்கினாலும் இதே போன்ற வலி வருவதுண்டு. எது எதுவென்று தீர்மானிப்பது வைத்தியர் கடமை. காலத்தோடு கொண்டு சேர்ப்பதே நம் கடமை.

கடிதம் எழுதிய தாயாருக்கு இன்னுமொரு சொல். தாயின் வயிற்றில் ஆறாம் வாரமளவில், நடுக்குடலானது சிசுவின் சிறிய வயிற்றறையில் இடம் போதாமையால் தொப்புட்கொடிக்குள்ளேயே சென்று வளர்கிறது. பத்தாம் வாரமளவில் சுழன்று உள்ளே திரும்புகிறது. பின்னர் குடல்வளரி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிடுகிறது. நரம்போ பழைய இடத்து நரம்புதான். அன்றிரவு உங்கள் மகன் தொட்டுக் காட்டியது, அவன் குடல் ஒரு காலத்தில் உங்களோடு அவனைப் பிணைத்த கொடிக்குள் கிடந்த இடத்தையே. அவன் பொய் சொல்லவில்லை, நீங்களும் தவறவில்லை. விடிந்தபின் வலி இடம் மாறியதைக் கண்டு, எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தீர்கள் அல்லவா? அதுவே போதும். இனி அமைதியாக நித்திரை கொள்ளுங்கள்.