போர்க்காலத்தில் கேள்வி கேட்பவர்

இந்திய-பாகிஸ்தான் மோதல் மூண்டிருந்த 2025ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி இரவு, ராஜா வாய்க்கால் பாயும் நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையக் கரும்புச் சீமையில் கைப்பேசியும் தொலைக்காட்சியுமாக விழித்திருந்த ஜனங்களுக்கு, கராச்சித் துறைமுகம் நம் கடற்படையால் நாசமாயிற்று என்று தேசியத் தொலைக்காட்சிகள் பல அடித்துச் சொல்லின. பொழுது விடிந்தபின் அச்செய்தி பொய்யென்று தெரிந்தது. ஓர் அறிவிப்பாளர் நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டார்.

அதே நாட்களில், 8,000க்கு மேற்பட்ட கணக்குகளை முடக்குமாறு மத்திய சர்க்கார் உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. மே 9 அன்று ‘தி வயர்’ இணையதளம் முடக்கப்பட்டது. ராணுவத்தின் சார்பில் பேசிய கர்னல் சோஃபியா குரேஷியைப் பாராட்டுவோர், கும்பல் கொலைக்கு ஆளான முஸ்லிம்களுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும் என்று எழுதிய பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத் மே 18 அன்று கைதானார். மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் அளித்ததாயினும், அவ்விஷயம் பற்றி மேற்கொண்டு எழுதலாகாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

படைகளின் நடமாட்டத்தை நேரலையில் காட்டலாகாது என்று ஏப்ரல் 26 அன்று சர்க்கார் விடுத்த அறிவுரையை நாம் முழுமனதோடு ஏற்கிறோம். 2008இல் மும்பைத் தாக்குதலின்போது நேரலையால் விளைந்த கேட்டை நாடு கண்டிருக்கிறது. ஆனால், சிப்பாயின் உயிரைக் காக்கும் ரகசியம் வேறு, ஆள்வோரின் காரியத்தைக் குறித்துப் பிரஜை கொள்ளும் அபிப்பிராயம் வேறு. முன்னதற்குரிய காவலைப் பின்னதன்மேல் ஏவுவது அநீதி.

இந்த நியாயத்துக்காகவே நம் பகுதியோடு பிணைந்த பெரியவர்கள் சிறை ஏகினர். யுத்தத்தை எதிர்த்துப் பேசும் உரிமை ஒன்றையே கோரி, 1940 அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியபோது, அதைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகை ஆலோசகரிடம் காட்டாமல் வெளியிடலாகாது என்று சர்க்கார் தாக்கீது விடுக்க, அவ்விதம் அடங்கி நடத்துவதினும் நிறுத்திவிடுவதே மேலென்று அவர் ‘ஹரிஜன்’ பத்திரிகையையே நிறுத்திவிட்டார். திருச்செங்கோட்டையடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜி, மாகாணப் பிரதமராக இருந்தவர் என்ற பெருமையெல்லாம் துணைக்கு வராமல், அவ்வாண்டு டிசம்பரில் ஓராண்டுத் தண்டனை பெற்றார். அந்த ஆசிரமத்திலிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ இதழில் பணியாற்றிய கல்கியும், 1941இல் ‘ஆனந்த விகட’னைத் துறந்து அவ்வழியே சிறை சென்றார். ஹிட்லரை எதிர்த்து நடந்த யுத்தத்திலேயே அவர்கள் அவ்வுரிமையைக் கோரினார்கள் என்பதை, யுத்தகாலத்தில் கேள்வியே கூடாது என்போர் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்கட்டும்.

இலங்கையிலோ, யுத்தம் பற்றிக் கட்டுரை எழுதியதற்காக பத்திரிகையாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்துக்கு 2009இல் 20 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அரசையும் போராளிகளையும் ஒருங்கே கண்டித்த மனித உரிமை ஆர்வலர் ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் யாழ்ப்பாணத்து வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்நிலை இங்கு நேராதிருக்க, இணையத்தை முடக்கும் உத்தரவுகளை ரகசியமாக வைக்கும் 2009ஆம் ஆண்டு விதி திருத்தப்பட வேண்டும். முடக்கப்படுபவருக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். மோதல் ஓய்ந்தபின் உத்தரவுகள் அனைத்தும் பகிரங்கமாக்கப்பட வேண்டும். நாமக்கல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இக்கோரிக்கையை வரும் கூட்டத்தொடரிலேயே மக்களவையில் எழுப்ப வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.