தாளம் பயிலும் கைகள்



மதுரை நகரின் மேற்கிலுள்ள காளவாசல் என்னும் பெயர், செங்கல் சுடும் சூளையை நினைவூட்டுவது. பச்சைக் கல்லை உலரவிடாமல் அவசரமாகச் சூளையில் அடுக்கினால் அது வெடித்துப்போகும் என்பதை அத்தொழிலாளர் நன்கறிவர். தாளக்கருவி பயிலும் பிள்ளையின் கையும் அத்தகையதே. ஆனால் பெற்றோர் பலர், பிள்ளையை மிருதங்க வகுப்பிலோ தபேலா வகுப்பிலோ சேர்த்தவுடன், ஆண்டு விழாவிற்குள் மேடையேற்றிவிட வேண்டும் என விரைகின்றனர். கை வலிக்கிறது என்று பிள்ளை முறையிட்டால், "அடிக்க அடிக்கத்தான் கை உரமேறும்" என்று அதட்டுகின்றனர். இது பாதி உண்மையே.

மறுபாதியை மானாமதுரைக் குயவரிடம் கற்கலாம். மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையில் அமைந்த அவ்வூர், கடத்திற்குப் பேர்பெற்றது. அவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிட்டியது. சக்கரத்திலிருந்து எடுத்த பானையை அவர்கள் உடனே சுடுவதில்லை. உள்ளே ஒரு கல்லைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டுகின்றனர். ஓங்கி ஓர் அடி அடித்தால் பானை நசுங்கும். சீராகத் தட்டத் தட்டவே சுவர் எங்கும் ஒரே கனம் பெறும். பின்னர் நன்கு உலர்த்திய பிறகே சூளை.

இக்கடம் சென்னைக் கடத்தினும் கனமானது. நாதம் கணீரென்று எழும்; வாசிப்பவர் கைக்கோ வேலை மிகுதி. மிருதங்கத்தின் தோல் விரலைத் திருப்பி எழுப்பிவிடும். சுட்ட மண் அவ்வாறு இடங்கொடாது. எனவே கடம் பெண்களுக்கு ஏற்றதன்று என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது.

அதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் திருமதி சுகன்யா ராம்கோபால். சென்னையில் இளம் வயதிலேயே மிருதங்கம் பயின்ற அவர், கடமும் கற்க விழைந்தபோது, கடமேதை டி.எச். விநாயக்ராம், பெண்ணின் மென்கைக்கு இது கடினமாயிற்றே எனத் தயங்கினார். விநாயக்ராமின் தந்தையாரும் ஆசிரியருமான ஹரிஹர சர்மா தாமே கற்பிக்க முன்வந்தார். மகனின் தயக்கம் மறைந்தது. அம்மாணவியே பின்னர் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற கடக் கலைஞரானார். மென்மையான கை தடையன்று. பொறுமையற்ற பயிற்சியே தடை என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின் கையை உரப்படுத்துவது எப்படி? பாடத்தை முதற்காலத்தில் தெளிவாக வாசித்த பின்னரே இரண்டாங்காலத்திற்கும், அதன் பின் மூன்றாங்காலத்திற்கும் செல்ல வேண்டும். சொற்கள் மங்கினால் உடனே கீழ்க்காலத்திற்குத் திரும்புக. ஞாயிறன்று மூன்று மணி நேரம் மோதுவதைவிட, நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் நலம் பயக்கும். நாதம் இறுக்கத்திலிருந்து பிறப்பதில்லை. தோளும் மணிக்கட்டும் தளர்ந்திருக்கும்போதே அது பிறக்கிறது. பல்லை நெரித்து வாசிக்கும் பிள்ளை, கச்சேரியின் பிற்பகுதியில் தனி ஆவர்த்தனம் வருமுன்னரே களைத்துவிடும். பழக்கம் குறைந்த கைக்குச் சற்று மிகுதியான பயிற்சி தருக.

பயிற்சியால் தசை விரைவில் வலிவு பெறும்; தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ மெல்லவே உரமேறும். ஆகையால் பயிற்சி நேரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். விரல் நுனி தடிப்பதும், ஓய்வெடுத்தால் தீரும் அசதியும் இயல்பே. மூட்டு வீங்குதல், மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோல் உணர்தல், இரவிலும் வலி நீடித்தல் ஆகியவை இயல்பல்ல. அப்போது வாசிப்பை நிறுத்தி மருத்துவரிடம் செல்லுதலே அறிவுடைமை. வலியை மறைக்கும் பிள்ளையை வீரன் எனப் பாராட்டினால், அடுத்த முறையும் அவன் மறைப்பான். ஒருவேளை கருவியையே கைவிட நேரும்.

பெற்றோரே! வகுப்பு முடிந்து பிள்ளை வீடு திரும்புகையில், "எத்தனை பாடம் முடிந்தது?" என்பதற்கு முன்னே, "கை எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அக்கை நாளை இசைக்கு மட்டுமன்றி, உழைப்புக்கும் எழுத்துக்கும் வேண்டும். உலர வேண்டிய காலத்தை உலர விடுவோம். சூளைக்குரிய காலம் தானே வரும்.